இருபது பேர்ச் லீக்ஸும் ஒரு பெயர்க்கல்லும்

துஷாந்த் செத்து இருபத்தைந்தாம் நாள் தொழிற்சங்கத் தலைவர் செல்லசாமி இரண்டாவது தடவையாகத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கு வந்தார். முதல் தடவை மாலையோடு வந்தார், படம் எடுத்தார், போனார். இந்தத் தடவை கையில் மாலை இல்லை. மாலை இல்லாமல் வருகிற தலைவரைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும் என்று தனுஜாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவளுக்குத் தானாகவே தோன்றியது.

"தங்கச்சி, முப்பத்தோராம் நாள் ஒரு நினைவுக் கூட்டம் வைக்கிறோம்" என்றார் அவர். "மலையகத்தின் இளம் விவசாயி துஷாந்த்! அவன் வேர்வை சிந்துன மண்ணுலயே ஒரு பூங்கா. நடுவுல கல்லு, சுத்தி புல்லு, ரெண்டு பெஞ்சு. தோட்ட மெனேஜர் துரையும் சரின்னுட்டாரு."

"புல்லா?" என்றாள் தனுஜா. "ரெண்டு வருசமா அவரு புடுங்குனதே புல்லுதானுங்களே."

தலைவர் பெரிதாகச் சிரித்தார். கணவனை இழந்தவள் பேசுவதற்கெல்லாம் சிரித்துவிடுவது பாதுகாப்பு என்று அவர் நினைத்திருக்கலாம்.

துஷாந்த் உயிரோடு இருந்தபோது 'விவசாயி' என்ற சொல் அவனுக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. கொழும்பில் ஹாட்வெயார் கடையில் ஐந்து வருடம் ஆணி நிறுத்துக் கொடுத்தவன். நாட்டில் எதுவுமே கிடைக்காமல் போன வருடத்தில் ஊருக்குத் திரும்பி, பஸ் வீதிக்குக் கீழே தோட்டம் கைவிட்டிருந்த பள்ளத்தைத் திருத்தினான். இடுப்பளவு மானாப்புல். அதைப் பிடுங்கி, மாட்டுச்சாணி சுமந்து, வெங்காயத்தாள் போன்ற லீக்ஸும் கரட்டும் போட்டான். முதல் கரட் மூன்று காலோடு வந்தது. "பாரு தனுஜா, நடந்தே மார்க்கட்டுக்குப் போயிரும்" என்றான்.

தோட்ட ஆபீசிலிருந்து மூன்று கடிதம் வந்தது. மூன்றிலும் அவன் 'அத்துமீறிக் குடியேறியவர்'. நியாயம் கேட்கப் போனபோது செல்லசாமி, "கம்பனிக் காணியில கைய வச்சிட்டு என்கிட்ட வராத தம்பி" என்றார். மகள் பிறந்தபோது, பதிவில் அப்பாவின் தொழில் விவசாயி என்று எழுதச் சொன்னான். எழுதுகிறவர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்: "தோட்டத்துல ஏதுடா விவசாயி?" தொழிலாளி என்று எழுதினார். துஷாந்த் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை.

போன மாதம் ஓடைப் பக்கம் புல் அறுக்கும்போது குளவி கொட்டி விழுந்தான். மரணச் சான்றிதழிலும் தொழிலாளிதான். இப்போது திடீரென்று, தலைவர் வாயில், இளம் விவசாயி.

"நல்ல மனசுதான் போல" என்றாள் மாமியார் நாகலெட்சுமி. "மகன் பேருல பூங்கா வருதே."

"அவரு இருக்கும்போது திருடன், செத்த பொறகு பூங்காவா? இதுல என்னமோ இருக்கு மாமி."

என்னமோ இருந்தது. மறுநாள் மரக்கறி ஏற்ற லொறியோடு வந்த பைஸர் நானா அதை அவிழ்த்தார். துஷாந்தின் லீக்ஸை முதல் நாளிலிருந்தே வாங்கியவர் அவர்.

"புள்ள, போன கிழமை ரெண்டு பேர் டேப் புடிச்சி ஒங்கட காணிய அளந்துக்கிட்டு நிண்டாங்க. இங்க நிண்டா நீர்வீழ்ச்சி முழுசாத் தெரியுமாம். வெள்ளக்காரன் படுக்க மரவீடு கட்டப் போறாங்களாம். மொதல்ல பூங்கா, பொறகு வேலி, பொறகு வீடு. நீ பெஞ்சியில குந்தி லீக்ஸ் வளக்கேலுமா?"

தனுஜா அன்று மாலை கொழுந்து பறித்துவிட்டு வந்ததும் பள்ளத்தில் இறங்கிக் காலால் அளந்தாள். இருபது பேர்ச், அரைக்கால் ஏக்கர். நடுவில் கல், சுற்றிப் புல், இரண்டு பெஞ்சு. லீக்ஸுக்கு மிஞ்சுவது பெஞ்சுக்கு அடிப்பகுதி. தோட்டச் சம்பளம் பாதி மாதத்தில் முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு இரண்டு பிள்ளைகளுக்குச் சோறு போடுவது இந்தப் பள்ளம்தான். காணிக்கு உறுதி இல்லை, பத்திரம் இல்லை. முடியாது என்று சொன்னால் நாலாவது கடிதம் வரும்.

மேலே ஏறும்போது உடைந்த தண்ணித் தாங்கியின் மேல் அவள் கண் நின்றது. அதில் தண்ணீர் வந்து பதினோரு வருடம். ஆனால் நெற்றியில் பளிங்குக் கல் இருந்தது: இன்னார் திறந்து வைத்தார், இன்னார் முன்னிலை வகித்தார். லொறிப் பாதை போட்டபோது தாங்கியை உடைக்க வந்தவர்கள் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பாதை இப்போதும் அந்தத் தாங்கியைச் சுற்றிக்கொண்டு வளைந்துதான் போகிறது. இந்தத் தோட்டத்தில் மனிதர் இருக்கும் லயத்தின் கூரையைக் காற்று கொண்டு போகலாம். பெரியவர்கள் பெயர் பொறித்த கல்லை எவரும் தொடமாட்டார்கள்.

தனுஜா அந்தக் கல்லை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

அடுத்த நாள் அவளே தலைவரின் வீட்டுக்குப் போனாள்.

"கூட்டம் வைங்க தலைவரே. ஆனா கல்ல நடுப்பள்ளத்துல வச்சா ஒங்க பேர லீக்ஸு மட்டுந்தான் படிக்கும். வீதியோரமா வைங்க. இறம்பொடைப் பக்கம் போற பஸ் அத்தனையும் படிக்கும்."

தலைவர் யோசித்தார். பஸ்ஸில் போகிறவர்கள் தலையைத் திருப்புவது அவர் முகத்தில் தெரிந்தது.

"அதுவும் நல்லாத்தான் இருக்கும். பூங்காவப் பொறகு பாத்துக்கலாம்."

"எழுதுற வாசகத்த குடும்பத்துல நாங்க குடுக்கிறோம். சிங்களத்துலயும் போடணும். பைஸர் நானா எழுதித் தருவாரு. ஒங்க பேரும் துரை பேரும் மட்டும் பெரிய எழுத்துல, பொன் கலர்ல."

"எவ்வளவு பெருசு?" என்றார் தலைவர்.

"ஒங்களுக்குப் புடிச்ச அளவு."

வாசகத்தை வாங்கித் தன் பெயர் வருகிற வரியை மட்டும் மூன்று தடவை படித்து, முன்னால் 'மக்கள் தொண்டர்' என்று சேர்த்தார். கல் ஹட்டனுக்குச் செதுக்கப் போனது.

முப்பத்தோராம் நாள் பந்தல், ஒலிபெருக்கி, தலைவரின் பேச்சை நேரலையாகப் போட நாலு கைபேசி. "மண்ணைக் காக்கும் போரில் உயிர் நீத்தவர்" என்றார் செல்லசாமி. குளவிக் கூடு இருக்கிறது என்று துஷாந்த் மூன்று தடவை ஆபீசில் சொன்னதை அந்தப் போர் வரலாற்றில் அவர் சேர்க்கவில்லை. துரை இரண்டு வார்த்தை தமிழில் பேசிக் கைதட்டல் வாங்கினார். பிறகு இருவரும் சேர்ந்து மஞ்சள் துணியை இழுத்தார்கள்.

சனம் சத்தமாகப் படித்தது:

"விவசாயி துஷாந்த் திருத்திப் பயிர் செய்த இருபது பேர்ச் நிலம். வடக்கே பஸ் வீதி, தெற்கே ஓடை, கிழக்கே மூன்று சவுக்கு மரம், மேற்கே பாறை. அவருக்குப் பின் மனைவி தனுஜாவும் பிள்ளைகளும் பயிர் செய்து வருகின்றனர். இதனை ஏற்று, தோட்டத் துரை அவர்கள் முன்னிலையில், மக்கள் தொண்டர் செல்லசாமி அவர்கள் திறந்து வைத்தார்."

துரை கீழே இருந்த சிங்களத்தைப் படித்தார். 'தெற்கே ஓடை' என்ற இடத்தில் அவருடைய உதடு நின்றுவிட்டது. தலைவரைப் பார்த்தார். தலைவர் தன்னுடைய பொன்னெழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு கைபேசியும் துரையின் முகத்துக்கு நேரே இருந்தன.

"ஹொந்தாய், ஹொந்தாய்" என்று சிங்களத்தில் பாராட்டித் துரை கைதட்டினார்.

தனுஜாவுக்குக் கல்லின் மேலும் முழு நம்பிக்கை வரவில்லை. பைஸர் நானாவிடம் படம் எடுக்கச் சொல்லி, மூன்று பிரதி பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூன்று வீட்டில் வைத்தாள்.

கூட்டம் முடிந்து எட்டாம் நாள் தலைவர் வந்தார். கூட ஒரு ஆள், கையில் உளியும் சுத்தியலும்.

"தங்கச்சி, எழுத்துல ஒரு சின்னத் திருத்தம். துரை கொஞ்சம் மனசு சங்கடப்படுறாரு. நடுவுல நாலு வரிதான்."

தனுஜா லீக்ஸுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கொத்துங்க தலைவரே. உளி வழுக்கி ஒங்க பேருல பட்டுட்டா என்னைய ஏசக் கூடாது. அந்தா, பஸ்ஸும் வருது. மக்கள் தொண்டர் தன் பேரத் தானே கொத்துறத படம் புடிப்பாங்க."

பஸ் வந்தது. வளைவில் மெதுவாகியது. ஜன்னல்களில் தலைகள் திரும்பின. யாரோ ஒருவன் "செல்லசாமி" என்று எழுத்துக் கூட்டிப் படிப்பது கீழே வரைக்கும் கேட்டது.

தலைவர் பஸ்ஸைப் பார்த்துக் கும்பிட்டார். பஸ் மறைந்ததும் உளிக்காரனிடம், "தூசியத் தொடச்சிட்டு வா" என்றார்.

உளிக்காரன் சட்டைத் துணியால் கல்லைத் துடைத்தான். பொன்னெழுத்தை முதலில் துடைத்தான். பிறகு, எழுத்துக்குள் மண் நிற்கிறதென்று, 'விவசாயி' என்ற சொல்லை இரண்டாவது தடவையும் துடைத்தான்.

தனுஜா அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள்.