தண்ணி பாத்த வீடு

பாலேந்திரா எங்கே இருக்கிறார் என்று லண்டன் அல்பேட்டனில் யாரைக் கேட்டாலும், "தண்ணி பாத்த வீட்டில" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அது அவர் வாயிலிருந்து வந்த சொல்தான். வெம்பிளியில் நடத்திய பலசரக்குக் கடை படுத்து, கடையோடு வீடும் கையை விட்டுப் போன பிறகு, கோயில் வாசலில் ஒருவர் "இப்ப எவடத்தில அண்ணை இருக்கிறியள்?" என்று கேட்டுவைத்தார். பாலேந்திரா வேட்டியை ஒரு தரம் இறுக்கிக்கொண்டு, "கனால் கரையில எடுத்திருக்கிறம். தண்ணி பாத்த வீடு" என்றார். கேட்டவருக்கு அன்றிரவு நித்திரை வந்திருக்காது. கால்வாய்க் கரையில் எழும்பியிருக்கிற புது மாடிகளில் ஓர் அறை வீடு என்ன விலை போகிறது என்று அவருக்குத் தெரியும்.

பொய் சொன்னார் என்றும் சொல்லக்கூடாது. தண்ணீரைப் பார்த்துத்தான் இருந்தார்கள். இன்னும் சரியாகச் சொன்னால் தண்ணீருக்கு மேலேயே இருந்தார்கள். மாடிக் கட்டடத்துக்குக் கீழே, கரையில் அடித்த இரும்பு முளைகளில் கட்டியிருந்த பச்சைப் படகு அது. நீளத்துக்குக் குறைவில்லை. அகலம்தான், பாலேந்திராவும் மனைவி மகாதேவியும் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்கினால்தான் மற்றவர் குசினிக்குப் போகலாம்.

இதை மறைக்க மனுசன் பட்ட பாட்டுக்கு ஒரு வீட்டையே கட்டியிருக்கலாம். கலியாணங்களுக்குப் போனால் வழக்கமாகப் பக்கத்துத் தெருப் பியற்றிஸின் காரில்தான் திரும்புவார்கள். மாடிக் கட்டடத்து வாசலில் இறங்கி, "சரி தங்கச்சி, வாறம்" என்று கையைக் காட்டி, கண்ணாடிக் கதவடியில் நின்று சட்டைப்பைக்குள் திறப்பைத் தேடுவார். கார் வளைவில் மறையும்வரை அந்தத் திறப்பு கிடைக்காது. பிறகு பக்கத்துப் படிக்கட்டால் கீழே இறங்கி, பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி மகாதேவி பின்னால் வர, இருட்டுக்குள் வீடு போய்ச் சேருவார்கள்.

மகள் தர்மிகா ரொறன்ரோவில். அவள் வீடியோவில் கூப்பிட்டால் சாமிப்படம் மாட்டிய பலகைச் சுவர் மட்டும்தான் தெரியும். ஆனால் வேறு படகு ஏதும் கடந்து போனால் சுவர், சாமி, தாய், தகப்பன் எல்லாம் ஆடும்.

"அப்பா, ஏன் ஆடுறீங்கள்?"

"ஆடுகதிரை பிள்ளை. புதுசா வாங்கினது."

"அம்மாவும் ஆடுறா."

"அவவுக்கும் ஒண்டு வாங்கினனான்."

இவ்வளவு கவனமாக இருந்தவருக்குத் தெரியாத ஒன்று, மேலே மூன்றாம் மாடியில் செல்வமலர் இருக்கிறார் என்பது. செல்வமலருக்குக் கால்வாயைப் பார்த்தபடி ஒரு பல்கணி. அதற்குமேல் அந்த வீட்டில் தொலைக்காட்சி எதற்கு என்று கணவர் குகநாதனே கேட்பார். படகு வந்து கட்டிய முதற்கிழமையே செல்வமலர் கண்டுபிடித்துவிட்டார். படகுக் கூரையில் பேப்பர் விரித்துச் செத்தல் மிளகாய் காய்ந்தது. எந்த வெள்ளைக்காரன் கூரையில் மிளகாய் காயப்போடுவான்? கொஞ்ச நேரம் காத்திருந்தார். மிளகாயைக் கிளற மகாதேவி தலையை நீட்டினார். அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசைக்குள் கோயிலுக்கு வருகிற அத்தனை பேருக்கும் புதினம் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆனால் ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. தெரியாததுபோல் இருப்பது எங்கள் ஆட்களின் மரியாதை. முதுகுக்குப் பின்னால் சிரிப்பதும் அந்த மரியாதைக்குள் அடங்கும்.

படகில் இருப்பதற்கும் சட்டம் உண்டு. சொந்தமாகக் கட்டிவைக்க இடம் வாங்காத படகு ஓரிடத்தில் இரண்டு கிழமைக்கு மேல் நிற்கக்கூடாது. நகராவிட்டால் லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டார்கள். லைசென்ஸ் இல்லாத படகைக் கால்வாயை நிர்வகிக்கிற கனால் கந்தோர் வழக்குப் போட்டு இழுத்துக்கொண்டு போய்விடும். பாலேந்திரா சட்டத்துக்குப் பயந்தவர். கிறீன்போர்ட், சவுத்தோல் என்று போய்ப் போய்த் திரும்பி வருவார். படகு மறுபடி தெரிந்ததும் செல்வமலர் குசினிப் பக்கம் திரும்பி, "வந்திட்டினம்" என்று குகநாதனுக்கு அறிவிப்பார். எஞ்சின் பழுதாகி இரண்டொரு தரம் பிந்தியதற்குப் பாலேந்திரா எச்சரிக்கை வாங்கியிருந்தார். மற்றப்படி குறையில்லை.

போன தை மாதம் ஒரு காலை, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வாங்கிய மகாதேவி அதைக் குடிக்கவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தவர் எழும்பவேயில்லை. அம்புலன்ஸ்காரர் ஒடுங்கிய வாசலால் அவரை வெளியே எடுக்கப் பட்ட கஷ்டத்தைச் செல்வமலர் பல்கணிக் கம்பியைப் பிடித்தபடி பார்த்தார். அன்று மட்டும் அவர் யாருக்கும் போன் எடுக்கவில்லை.

கிரியைகள் மண்டபத்தில் நடந்தன. தர்மிகாவுக்கு எட்டு மாத வயிறு, விமானத்தில் ஏற விடவில்லை. நேரலையில் பார்த்து அழுதாள். மரண அறிவித்தலில் பாலேந்திரா, "வீட்டுக்கு வருவதைத் தயவுசெய்து தவிர்க்கவும்" என்று போட்டிருந்தார். எங்கள் ஆட்களுக்கு இது லேசான விஷயமில்லை. செத்தவீட்டுக்குப் போக வேண்டும், நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருக்க வேண்டும், பிறகு சொல்லிக்கொள்ளாமல் எழும்பி வர வேண்டும். செத்தவீட்டில் "போயிட்டு வாறம்" என்று சொல்லக்கூடாது என்பது லண்டனில் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். போக வீடு இல்லாததால் அந்தத் துக்கம் விசாரிக்கப்படாமலே கிடந்தது.

மகாதேவி படுத்திருந்த இடத்தில் பாலேந்திரா விளக்கு ஏற்றி, செம்பில் தண்ணீர் வைத்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை அந்த விளக்கு அணையக்கூடாது. போன உயிர் பழகின இடத்தைத் தேடி வரும் என்பார்கள். இரண்டு கிழமை முடிந்தது. எஞ்சினைத் தொடவே அவருக்குக் கை வரவில்லை. வருகிற மனுசி வீட்டைத் தேடினால், வீடு இருந்த இடத்தில் வெறும் தண்ணி அல்லவா இருக்கும்? அவவுக்கோ நீந்தவும் தெரியாது.

அந்த நாட்களில் ஒன்றில்தான் கனால் கந்தோரிலிருந்து ஆள் வந்தது. நீலச் சட்டை போட்ட இளம்பெண். நெஞ்சில் பெயர்ப்பட்டி குத்தியிருந்தது: ஜெனோஜா.

பெயரை வாசித்ததும் பாலேந்திரா ஓரடி உள்ளே பின்வாங்கினார். வெள்ளைக்காரியாக இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார். இது எங்கள் பிள்ளை. பிள்ளைக்குத் தாய் இருப்பாள். தாயிடம் போன் இருக்கும். பின்னேரத்துக்குள் ஹரோவிலிருந்து இல்ஃபோர்ட்வரைக்கும், அங்கிருந்து ரொறன்ரோவுக்கும் போய்விடும்.

"வணக்கம் அங்கிள். தமிழோ நீங்கள்?"

"சொறி?" என்றார் பாலேந்திரா. "ஐ டோன்ற் அண்டர்ஸ்டாண்ட்."

நெற்றியில் மூன்று குறி விபூதி. பின்னால் குத்துவிளக்கு. ஜெனோஜா விபூதியைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், மரியாதையாக ஆங்கிலத்துக்கு மாறினாள். படகு நகராமல் நிற்பதற்கு ஏதாவது காரணம் உண்டா? வருத்தம், மரணம், குடும்பத்தில் ஏதும்? அப்படி ஏதும் என்றால் கால அவகாசம் தர ஒழுங்கு இருக்கிறது.

முப்பது வருடத்துக்கு முன்னர் குரோய்டனில் அகதி விசாரணைக்குப் போனபோது லோயர் காதுக்குள் சொல்லி அனுப்பியதுதான் பாலேந்திராவுக்கு இந்த நாட்டில் கிடைத்த முதற்பாடம்: கேட்டதுக்கு மட்டும் பதில், மிச்சம் வாய் திறக்காதே. அன்று அது காப்பாற்றியது.

"நோ," என்றார். "நோபடி."

"நீங்கள் தனியாகவா இருக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஓல்வேய்ஸ் எலோன்."

விளக்குத் திரி சடசடத்தது. ஜெனோஜா கொஞ்சம் கூடுதலாகவே நின்றாள். அவர் ஏதாவது சொல்லுவார் என்று பார்த்தாளோ என்னவோ. பிறகு கையிலிருந்த கருவியில் எதையோ தட்டிவிட்டுப் போனாள். பாலேந்திரா திரும்பி விளக்குக்கு எண்ணெய் விட்டார். பாதி பாயில் சிந்தியது. முப்பத்தைந்து வருடம் கூட இருந்தவளை இல்லை என்று சொல்ல அரை நிமிடம்கூட எடுக்கவில்லை.

பழைய எச்சரிக்கைகளோடு இதுவும் சேர, லைசென்ஸ் போனது. வழக்கு வந்தது. ஐப்பசியில் கோர்ட்டில் நீதிபதி, சொல்ல ஏதும் உண்டா என்று நல்ல மாதிரித்தான் கேட்டார். பாலேந்திரா எழும்பினார். "என் மனைவி" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அப்போதுதான் குரோய்டனில் படித்த இரண்டாவது பாடம் ஞாபகம் வந்தது: முதல் விசாரணையில் சொல்லாததைப் பிறகு சொன்னால் கதை கட்டுகிறான் என்பார்கள். இறந்து போனவளைக் கதை என்று யாராவது சொல்லக் கேட்க அவரால் முடியாது. "நத்திங்" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

கார்த்திகையில் ஒரு காலை, செம்மஞ்சள் அங்கி போட்ட ஆட்கள் இழுவைப் படகோடு வந்தார்கள். கூடவே ஜெனோஜா. கவுன்சில் அவருக்குக் குரோய்டனில் ஓர் அறை ஒதுக்கியிருந்தது. குரோய்டனில்! பாலேந்திராவுக்கே சிரிப்பு வந்திருக்கும், வேறு நாளாக இருந்தால். சூட்கேஸ், சோறு அவிக்கிற மின்சட்டி, மகாதேவியின் சேலைப் பை என்று ஒவ்வொன்றாகக் கரையில் வைத்தார். கடைசியாகச் சாமிப்படத்தைக் கழற்றினார்.

"நிப்பாட்டுங்கோ! என்ன வேலை இது!"

இரவுடுப்புக்கு மேல் குளிர்கோட்டைக் கொளுவிக்கொண்டு, காலில் வீட்டுச் செருப்போடு, செல்வமலர் படியால் ஓடி வந்தார். பின்னால் குகநாதன். அதற்குப் பின்னால், செல்வமலர் போன் போட்டுக் கூப்பிட்ட பியற்றிஸ்.

"பிள்ளை, அந்த மனுசன்ரை பெண்சாதி செத்த இடம் அது. தெரியுமோ உனக்கு? நான் மேல நிண்டு பாத்தனான். இதாலதான் கொண்டு போனவங்கள்!"

பாலேந்திரா சாமிப்படத்தை மார்போடு பிடித்தபடி வாயைத் திறந்தார். "உங்களுக்கு... எப்பிடி..."

"என்ன எப்பிடி? மிளகாய் காயப்போட்ட நாளிலயிருந்து தெரியும். முழு அல்பேட்டனுக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியுமெண்டுதான் உங்களுக்குத் தெரியாது."

"நீயும்தானே, புகை வருகுது, படகுகளை எடுங்கோ எண்டு மனுவில கையெழுத்து வைச்சனீ," என்றார் குகநாதன் மெதுவாக.

"அது மற்றப் படகுகளுக்கு! சும்மா இருங்கோப்பா."

பியற்றிஸ் கிட்ட வந்தார். "அண்ணை, உங்களை இறக்கிப்போட்டு நான் வளைவுக்கு அங்கால காரை நிப்பாட்டிப்போட்டு நிக்கிறனான். நீங்கள் ரண்டு பேரும் படியால இறங்கி உள்ளுக்கை லைற் போட்டாப் பிறகுதான் போறனான். மகாதேவியக்கா சீலையோட விழுந்திடுவா எண்டு பயம்."

பாலேந்திராவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கண்ணாடிக் கதவடியில் திறப்புத் தேடிய அத்தனை இரவுகளும், யாரோ பார்த்துக்கொண்டிருக்க, மறுபடி ஒருமுறை வந்து போயின.

ஜெனோஜா தமிழில் பேசினாள். "அங்கிள், அண்டைக்கு விளக்கு எரிஞ்சது. நான் கண்டனான். அதாலதான் மரணம் எண்ட சொல்லைச் சொல்லிக் கேட்டனான்."

"கேட்டனீதான் பிள்ளை."

"ஏன் அங்கிள் சொல்லேல்லை?"

"நீ எங்கட பிள்ளை. வீட்டை போய் அம்மாவுக்குச் சொல்லியிருப்பாய்."

ஜெனோஜா நிலத்தைப் பார்த்தாள். "எனக்கு அம்மா இல்லை அங்கிள். முதியோர் இல்லத்தில வேலை செய்யேக்கை, கொரோனாவில போயிட்டா."

அவள் சற்றுத் தள்ளிப் போய் யார் யாருக்கோ போன் எடுத்தாள். ஒரு கட்டத்தில் குரலை உயர்த்திச் சண்டையும் பிடித்தாள். செல்வமலர், "வெல்லுவாள், வெல்லுவாள்" என்று முணுமுணுத்தார். திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தே பாலேந்திராவுக்கு விளங்கிவிட்டது.

"கோர்ட் ஓடர் அங்கிள். இப்ப நிப்பாட்ட ஏலாதாம். நீங்கள் திரும்பக் கோர்ட்டுக்குப் போகலாம், நான் வந்து சொல்லுறன். ஆனா படகு இண்டைக்குப் போகத்தான் வேணும். அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்..." என்றாள்.

செம்மஞ்சள்காரர் கயிற்றை அவிழ்த்தார்கள். இரும்பு முளைகளைப் பிடுங்கினார்கள். பச்சைப் படகு கரையை விட்டுச் சாவகாசமாக விலகியது. மனிதன் நடக்கிற வேகம்தான் அதற்கு. பாலேந்திரா, யாரும் சொல்லாமலே, படத்தை ஏந்தியபடி அதன் பின்னால் கரையோரமாக நடக்கத் தொடங்கினார். குகநாதன் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டார். பியற்றிஸ் சேலைப் பையை எடுத்தார். செல்வமலரும் நடந்தார். எதிரே சைக்கிளில் வந்த வெள்ளைக்காரப் பெடியன் மணி அடிக்கப் போனவன், என்ன கண்டானோ, இறங்கி ஒதுங்கி நின்றான்.

பாலேந்திராவின் போன் அடித்தது. தர்மிகா, வீடியோவில். பின்னால் காட்ட அந்தப் பலகைச் சுவர் இப்போது இல்லை. அது ஓயும்வரை அடிக்க விட்டார்.

பாலத்தடியில் செல்வமலரும் பியற்றிஸும் நின்றுவிட்டார்கள். ஊரில் பிரேதம் போகையில் பெண்கள் வாசற் படலையோடு நிற்பார்களே, அப்படி நின்றார்கள். இரண்டு ஆண்களும் பாலத்துக்குக் கீழே போய் மறுபக்கம் தெரிந்தார்கள். பாலேந்திரா ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

யார் வீட்டுக்குப் போனாலும் எழும்பிய பிறகும் வாசலில் நின்று அரை மணித்தியாலம் கதைத்து, "அப்ப வாறம், அப்ப வாறம்" என்று பத்துத் தரம் சொல்லாமல் படியிறங்காதவர் செல்வமலர். அன்று குளிர்கோட்டை இழுத்து மூடிக்கொண்டார். சொல்லிக்கொள்ளாமல் திரும்பி நடந்தார்.