இரண்டாம் சரணத்துக்குப் பிறகு

அந்தப் பாட்டில் இரண்டாம் சரணம் முடிகிற இடத்தில் குரல் மேலே ஏற வேண்டும். ஏறி, அங்கேயே கொஞ்சம் நின்று, பிறகுதான் பல்லவிக்கு இறங்க வேண்டும். ஆரோக்கிய செல்வி கல்யாணத்துக்கு முன்பிருந்தே மேடையில் பாடிவரும் பழைய சினிமாப் பாட்டு அது. அரியலூர்ப் பக்கத்துத் திருவிழாக்களில் அவளை அடையாளம் சொல்வதே அந்தப் பாட்டை வைத்துத்தான். போன மழைக்காலத்தில் வந்த சளி விட்ட பிறகு அந்த உச்சி மட்டும் அவளுக்கு ஒழுங்காக எட்டவில்லை. சில நாள் எட்டும். சில நாள் அங்கே போனதும் குரல் பிளந்து வெறும் காற்றுதான் வரும்.

இசைக்குழு நடத்தும் ஞானப்பிரகாசம் மாஸ்டர் கெட்டவர் இல்லை. வரதராஜன்பேட்டை மாதா கோயில் திருவிழாவில் ஒருமுறை பார்க்கலாம் என்று போனில் சொன்னார். அங்கும் சரியாக வராவிட்டால் திருச்சியிலிருந்து பானுப்ரியா என்று ஒரு பெண் வரத் தயாராக இருக்கிறாள், அந்தப் பாட்டை அவளிடம் கொடுத்துவிடலாம் என்றார். அந்தப் பாட்டு போனால் மற்றப் பாட்டுகளும் ஒவ்வொன்றாகப் போகும், கடைசியில் குழுவில் தனக்கு இடமே இருக்காது என்று செல்விக்குத் தெரியும். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதால் மகள் ஷாலினி மேரிக்கும் தெரிந்துபோனது.

ஷாலினி பிளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுந்து பதில் சொல்லச் சொன்னாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். அதைக்கூடச் சமாளித்திருப்பாள். அம்மா மேடையில் இடுப்பை அசைத்துப் பாடும் வீடியோ ஒன்று வகுப்புப் பையன்கள் கையில் கிடைத்தது. கரும்பலகைக்கு முன்னால் நின்று டஸ்டரை மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு அவர்கள் நடித்துக் காட்டினார்கள். அதன் பிறகு அவள் பள்ளிக்கும் போகவில்லை, அம்மாவின் கச்சேரிக்கும் போகவில்லை.

இந்த முறை அம்மாவே கேட்டாள்.

"முன்வரிசைல வந்து நில்லு, போதும். ஒன் மொகத்தப் பாத்தா பாடிருவேன்."

ஷாலினி தலையாட்டினாள். ஆனால் முன்வரிசைக்குப் போகவில்லை. தேர்பவனி முடிந்து கூட்டம் மேடைப் பக்கம் திரும்பியபோது அவள் ராட்டினத்துக்கு அருகில், பின்னால் நின்றுகொண்டாள். கூட வந்திருந்த பக்கத்து வீட்டு மேகலா, வளையல் கடைக்கும் மேடைக்கும் நடுவில் அலைந்துவிட்டு வந்து அவளைக் கண்டுபிடித்தாள்.

"ஏண்டி, ஒங்கம்மா பாடுறதுக்கு வந்துட்டு கடங்காரனுக்குப் பயந்தவ மாதிரி இங்க வந்து ஒளிஞ்சிருக்க?"

முன்னால் ஸ்பீக்கர் காதைப் பிளக்கிறது என்று ஷாலினி சொன்னாள். மேடையில் அம்மா கையைக் கண்ணுக்கு மேல் வைத்து, விளக்கு வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, முன்வரிசையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தேடுவது அங்கிருந்தே தெரிந்தது. ஷாலினி பஞ்சுமிட்டாய்க்காரரின் பின்னால் இன்னும் ஓரடி நகர்ந்துகொண்டாள்.

பாட்டு நன்றாகத்தான் போயிற்று. முதல் சரணத்துக்குக் கைதட்டல்கூட வந்தது. இரண்டாம் சரணத்தில் அம்மா மூச்சை இழுத்துப் பிடித்து ஏறினாள். உச்சிக்கு ஒரு படி கீழே குரல் பிளந்தது. மைக்கில் காற்று மட்டும் கேட்டது. ஷாலினிக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது.

அப்போது கிட்டார் அந்த வரியை எடுத்தது.

வாசித்தவன் லியோ பிரபு. ஜெயங்கொண்டத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். மேடையில் எப்போதும் டிரம்ஸுக்குப் பக்கத்தில் குனிந்த தலையோடு நிற்பவன். அந்தப் பாட்டில் அவனுக்கு வேலையே கிடையாது, இங்கொன்றும் அங்கொன்றுமாய் மீட்டிவிட்டு நிற்க வேண்டியதுதான். அம்மா விட்ட இடத்திலிருந்து, அவள் எட்ட வேண்டிய அதே சுரத்தை அவன் கம்பியைத் தள்ளித் தொட்டான். அம்மா பாதியில் நிறுத்திய சொல்லைக் கிட்டார் முடித்துவைத்தது போல இருந்தது. அவள் குரல் பிளந்ததை மறைத்தாயிற்று. அவன் பல்லவிக்கு இறங்கியிருக்கலாம், இறங்கவில்லை. அந்த உச்சியிலேயே நின்றான். சரணத்தின் மெட்டை மெதுவாக, ஒருவர் சொன்னதை இன்னொருவர் நம்பாமல் திரும்பச் சொல்லிப் பார்ப்பது போல, வாசித்தான். மாஸ்டர் போதும் என்று கையைத் தூக்கினார். தூக்கிய கையை அப்படியே கீபோர்டின் மேல் வைத்துவிட்டார். டிரம்ஸ்காரர் குச்சியைத் தணித்தார். லியோ மேலே போய்க்கொண்டே இருந்தான். ஒவ்வொரு முறையும் இதற்கு மேல் இடமில்லை என்று தோன்றும். அங்கே அவன் விரலால் கம்பியை இன்னும் கொஞ்சம் தள்ளுவான், இடம் இருக்கும். அந்த ஒலி சுரமாக இல்லாமல் யாரோ அழுகையை அடக்கிக்கொண்டு பேசுவது போல் நடுங்கியது. ராட்டினக்காரர் அடுத்த சுற்றுக்கு ஆள் ஏற்றாமல் நின்றுவிட்டார். பிறகு அவன் வேகமாக, படியில் ஓடி இறங்குவதுபோல இறங்கிவந்து, பல்லவியின் முதல் எழுத்தில் சரியாகக் கால் வைத்து நிறுத்தினான்.

மைதானத்தில் ஒரு கணம் யாரும் கைதட்டவில்லை.

"ஒன்ஸ் மோர்!"

கத்தியது யார் என்று ஷாலினி திரும்பிப் பார்க்கப் போனாள். மேகலா வாயைப் பிளந்துகொண்டு அவளைத்தான் பார்த்தாள்.

"ஏய், நீயா கத்துன?"

அதற்குள் இளைஞர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர் என்று மைதானம் முழுக்கச் சத்தம். திருவிழா மேடையில் ஒன்ஸ் மோர் கேட்டுவிட்டால் கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள். மாஸ்டர் சிரித்துக்கொண்டே எழுந்து போய், மைக்கைப் பொத்தி, செல்வியிடம் ஏதோ சொன்னார். அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். லியோவை அவர் முன்னால் வரச் சொன்னார். சரணத்தைப் பாடவே இல்லை. கிட்டார் தொடங்கும் இடத்திலிருந்துதான் இரண்டாவது தடவை தொடங்கியது. லியோ வாசித்து முடிக்கும்வரை அம்மா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேடைக்கென்று வைத்திருக்கும் சிரிப்போடு நின்றாள்.

அப்போதுதான் ஷாலினிக்குத் தான் செய்தது புரிந்தது. அம்மாவுக்கு எதையும் கெடுக்க வேண்டும் என்று அவள் கத்தவில்லை. அம்மாவைக் காப்பாற்றிவிட்டான் என்ற நிம்மதியிலும் கத்தவில்லை. கிட்டார் பாடிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவளுக்கு அம்மா என்று ஒருத்தி மேடையில் நிற்பதே நினைவில் இல்லை.

மறுநாள் காலையில் மேகலா எடுத்த வீடியோ எல்லார் ஸ்டேட்டஸிலும் இருந்தது. பின்னலிலிருந்து காய்ந்த மல்லிகையை உருவிக்கொண்டே செல்வி அதைப் பார்த்தாள். கடைசியில் வரும் சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

"இது ஒன் கொரலுதான?"

ஷாலினி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"முன்னாடி ஒன்னயத் தேடித் தேடிப் பாத்தேன். கோச்சுக்கிட்டு வரவே இல்லன்னு நெனச்சேன்." அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. "கூட்டத்துல பயந்துக்கிட்டு நிக்கிற புள்ள, இன்னொரு தடவ விட்டா அம்மா எட்டிப் புடிச்சிருவான்னு கத்தியிருக்க. நானும் புடிச்சிருப்பேன்டி. மாஸ்டருதான் விடல."

இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஷாலினி களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தாள்.

அடுத்த கச்சேரி பெரம்பலூரில் ஒரு கல்யாண வரவேற்பு. அதற்கான ஒத்திகைக்கு அரியலூரில் மாஸ்டர் வீட்டு மாடிக்குப் போகும்போது அம்மா அவளையும் இழுத்துக்கொண்டு போனாள். எல்லாரும் செருப்பைக் கழற்றி உட்கார்ந்ததும் செல்வி பேசினாள்.

"மாஸ்டர், ஒன்ஸ் மோர் கேட்டது எம் மவ. அந்த எடத்த நான் இன்னொரு தடவ பாடணும்னு கேட்டிருக்கா. நீங்க பாட விடல. பெரம்பலூர்ல அந்தப் பாட்ட எனக்குக் குடுங்க. அங்கயும் வரலன்னா நானே வுட்டுடுறேன்."

மாஸ்டர் ஷாலினியைப் பார்த்தார். மாடியில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள்.

"நீ சொல்லு பாப்பா. அம்மா பாட்டுக்கா கேட்ட?"

"பாப்பாவுக்குப் பேச வருமா மாஸ்டர்?" என்று டிரம்ஸ்காரர் கேட்டார். சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். மகளின் பதிலில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"அம்மாவுக்குத்தான்" என்றாள் ஷாலினி.

கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த லியோ தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். பிறகு குனிந்துகொண்டான். மாஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

கிளம்பும்போது லியோ படிக்கட்டில் பின்னாலேயே வந்தான். அன்றைக்கு அந்த ஒரு வரியோடு தான் நிறுத்தியிருக்க வேண்டும், அக்காவின் பாட்டைத் தான் எடுத்துக்கொண்டது தப்பு என்றான். பெரம்பலூரில் அந்த இடத்தில் கம்பியைத் தொடவே மாட்டேன் என்று கோயிலில் சத்தியம் செய்வதுபோலச் சொன்னான். அதெல்லாம் ஒன்றுமில்லை தம்பி என்று செல்வி அவன் தோளைத் தட்டினாள். அவனுக்கும் மகளுக்கும் நடுவில் அவள் மிதப்பாக நடந்துபோனாள். லியோ ஷாலினியைப் பார்க்கவில்லை. அவளும் அவனைப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் வீட்டில் அம்மா மிளகு தட்டிப் போட்ட வெந்நீர் குடித்தாள், துண்டைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடித்தாள், யாரோடும் சத்தமாகப் பேசவில்லை. ஒவ்வொரு நாளும் உண்மையைச் சொல்ல ஷாலினி வாயைத் திறந்தாள். ஒவ்வொரு நாளும் அம்மா உதட்டில் விரலை வைத்து, பேச்சுக் கொடுக்காதே என்று சைகை காட்டிச் சிரித்தாள்.

பெரம்பலூர் மண்டபத்தில் ஷாலினி மேடைக்கு நேர் எதிரே, முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மா அவளைப் பார்த்துக்கொண்டே பாடினாள். மண்டபம் நிறைய ஆட்கள். பாதிப் பேர் மணமக்களோடு போட்டோ எடுக்க வரிசையில் நின்றார்கள், மீதிப் பேர் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நெருக்கியடித்தார்கள். இரண்டாம் சரணம் வந்தது. அம்மா ஏறினாள். அதே இடத்தில் குரல் பிளந்தது.

லியோ சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். கையைக் கம்பிமேல் அழுத்தி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். ஸ்பீக்கரில் அம்மாவின் மூச்சு மட்டும் போய்க்கொண்டிருந்தது. மாஸ்டர் கீபோர்டில் எதையோ வாசித்துப் பல்லவிக்கு இழுத்துவந்தார்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் தோழர்கள் கேக்கை அவன் முகத்தில் பூசிக்கொண்டிருந்தார்கள். யாரும் கவனிக்கவில்லையே என்று ஷாலினி முதலில் மனதுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. ஏறும்வரை மகள் முகத்திலேயே இருந்த கண், அதற்குப் பிறகு பாட்டு முடியும்வரை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கச்சேரி முடிந்து, ஆண்கள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது அம்மாவும் மகளும் வேனுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே சமையல்காரர்கள் அண்டாவைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"கிட்டாருக்குத்தான கேட்ட?" என்றாள் அம்மா.

"ஆமா."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல."

ஷாலினி துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள்.

"ஒன்னச் சொல்லிக் குத்தமில்ல. நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்." அம்மா குரலில் கோபம் இல்லை. தொண்டை கட்டியிருந்தது. "எல்லாரு முன்னாடியும் ஒன்ன நிக்க வச்சுப் பொய் சொல்ல வச்சேனே, அதுதான் எனக்கு அசிங்கமா இருக்கு."

லியோ கிட்டார் பையோடு ஏறிப் பின்சீட்டுக்குப் போனான். பின்னாலேயே மாஸ்டர் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். யாரும் எதுவும் சொல்வதற்கு முன் செல்வி பேசினாள்.

"மாஸ்டர், அந்தத் திருச்சிப் புள்ளைய வரச் சொல்லுங்க. நான் கோரஸ் பாடுறேன்." பிறகு பின்னால் திரும்பினாள். "லியோ, அடுத்து செந்துறைக் கச்சேரில அந்த எடத்த நீ எடுத்துக்க."

"வேணாங்கக்கா."

"எடுத்துக்க. அன்னைக்கு வாசிச்ச மாதிரியே வாசி. எனக்காகன்னு கொறைக்காத."

கிட்டார் பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு அவன் சரி என்றான். அம்மா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஷாலினிக்குத் தோன்றியது. ஆனால் அது தோன்றுவதற்கு முன்பே, லியோ சரி என்று சொன்ன அந்த நொடியிலேயே, வேறொன்று தோன்றிவிட்டிருந்தது. செந்துறைக்குத் தானும் போகலாம், அதை இன்னொரு தடவை கேட்கலாம் என்று.

அவள் கையை நீட்டவில்லை. துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, வேன் கிளம்பக் காத்திருந்தாள்.