காளிராஜ் விழுந்த உலை

பந்தல்குடி சாலையில் வெள்ளத்துரையின் இரும்பு ஆலை ஓடிய காலத்தில், அந்தப் பக்கம் வீடு கட்டியவர்கள் வேறு கம்பி வாங்கியதில்லை. அருப்புக்கோட்டையில் உடைந்த தறிச் சாமான்களை எடைக்கு எடுத்து விற்றுக்கொண்டிருந்தவர் அவர். கரிசல் காட்டில் உலை போட்டு ஊர் ஊராக ஆட்களுக்கு வேலை கொடுத்தார். மழை பொய்த்த வருஷங்களில் அந்தச் சம்பளத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது.

உலைக்குள் பழைய இரும்பைத் தள்ளிக்கொண்டிருந்த காளிராஜ், ஒருநாள் மேடையில் கால் வழுக்கி உள்ளே விழுந்தான். எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்த உருக்கை ஒரே பாளமாக வார்த்து ஆலைக்குப் பின்னால் புதைத்துவிட்டதாக வெள்ளத்துரை சொன்னார். காளிராஜின் மனைவி செல்லக்கிளி பார்த்தது மூடிய மண்மேட்டைத்தான். கைக்குழந்தை நாகஜோதியை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன்மேல் பால் ஊற்றினாள். பிறகும் வருஷம் தவறாமல் ஊற்றினாள்.

ஊர் நம்பவில்லை. 'ஆளு வெந்த கம்பி' என்று பேச்சு பரவியது. கடைக்காரர்கள் லோடைத் திருப்பி அனுப்பினார்கள். உலையிலிருந்து முனகல் கேட்கிறதென்று ஆட்கள் வேலைக்கு வரப் பயந்தார்கள். "மொதலாளி பொய் சொல்ல மாட்டாக" என்று செல்லக்கிளி மட்டும் எல்லோரிடமும் சண்டைக்குப் போனாள். கடைசியில் வங்கி ஆலையைப் பூட்டியது. பல வருஷம் துருவேறிக் கிடந்து, போன பங்குனியில் ஏலம் போனது.

இடத்தைச் சமப்படுத்த ஜேசிபி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு செல்லக்கிளி ஓடினாள்.

"அந்தப் பாளத்த மட்டும் எனக்குக் குடுத்துருங்கய்யா."

டிரைவர் இரக்கப்பட்டு மேட்டைத் தோண்டினான். ஆளை மறைக்கும் ஆழத்துக்குப் போன பிறகும் கசடும் செங்கலும்தான் வந்தன.

வேலியோரம் வெள்ளத்துரை ஊன்றுகோலுடன் நின்றிருந்தார். அவரும் பார்க்கத்தான் வந்திருந்தார் போல. செல்லக்கிளி நேரே அவரிடம் போனாள்.

"அவுக எங்க, மொதலாளி?"

"பாளம் வார்த்தது நெசம் தாயி. ஆனா பொதைக்கல. லோடுக்குப் பத்தலன்னு அதையும் கம்பியா இழுத்துட்டாங்க. நானும் தடுக்கல. லாரியில ஏத்துறப்பத்தான் மனசு கேக்கல. எறக்கி வைக்கச் சொல்லிட்டேன்."

"பெறகு?"

அவர் தரையைப் பார்த்தார். "அந்த வருஷம் ஒனக்குக் காங்கிரீட் வீடு கட்டிக் குடுத்தேன்ல."

செல்லக்கிளி வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போனாள். நாகஜோதிக்குப் பேன் பார்த்ததும், பூப்பு நீராட்டியதும், கல்யாணம் பேசி முடித்ததும் அந்தக் கூரைக்குக் கீழேதான். வாசலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தவள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

சித்திரைப் புழுக்கத்தில் ஊரே வாசலில் பாயை விரித்தது. மல்லாங்கிணற்றிலிருந்து வந்திருந்த நாகஜோதி, உள்ளே வேர்த்து ஒழுகப் படுத்திருந்த தாயைக் கண்டு பதறினாள்.

"ஏம்மா, வெளிய வந்து படு. கூரை அனலா கொதிக்குது."

"நீ போயிப் படு ஆத்தா," என்றாள் செல்லக்கிளி, கண்ணைக் கூரையிலிருந்து எடுக்காமல். "அவுக பக்கத்துல யாராச்சும் இருக்கணும்ல."