நீலப் படுதா

அந்த நீலப் படுதாவைப் பார்த்ததும் குணாளனுக்கு எரிச்சல்தான் வந்தது. பத்து நாள் லீவில் சிங்கப்பூர் போய்த் திரும்பியிருந்தான். சாயங்காலம் டீயும் கையுமாகப் பின்பக்க ஜன்னலுக்குப் போனால், எதிர் வீட்டு ஜன்னலைப் பிளாஸ்டிக் படுதா போட்டு, நான்கு மூலையிலும் ஆணி அடித்து மூடியிருந்தார்கள். சிங்கப்பூரிலேயே இருந்த மனைவி சாதனாவிடம் வீடியோவில் அதையே குறையாகச் சொன்னான். "நம்ம சீரியல நிப்பாட்டிட்டாங்க." அவளும் சிரித்தாள்.

சீரியல் என்று பெயர் வைத்தவனும் அவன்தான். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவனை கம்பெனி மும்பைக்கு அனுப்பி, சயானில் இரண்டாம் மாடியில் ஒரு ஃபிளாட் எடுத்துக் கொடுத்திருந்தது. முன்பக்கம் நல்ல சாலை. பின்பக்கம் தாராவியின் ஒரு சந்து, எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். அந்தச் சந்துக்கு அப்பால், எதிர் மாடியில் ஒரே அறையில் ஒரு குடும்பம். தோல் பை தைக்கிற கலீலுல்லா, அவர் மனைவி சைனப், கல்லூரிக்குப் போகும் மகள் சஃப்ரீன். கீழேயும் பக்கத்திலும் பீகார்க்காரர்களின் பட்டறைகள். வந்த மறுநாள் காலையில், "ஏளா, பல்லு வெளக்குனது போதும், பைப்புல தண்ணி நிக்கப் போவுது" என்று ஒரு குரல் கேட்டபோது குணாளனுக்கு அழுகையே வரும்போல இருந்தது. தெரியாத தேசத்தில் தமிழ். நாளைக்குப் போய்ப் பேசலாம் என்று நினைத்தான். மறுநாள் வந்தபோது, பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் இருப்பது தெரிந்துவிட்டது.

வாட்ச்மேன் ஏற்கெனவே அவர்களிடம் 'ஃபாரின் ஆள்' என்று சொல்லி வைத்திருந்தான். ஒருநாள் கலீலுல்லா ஜன்னலிலிருந்து இந்தியில் ஏதோ நலம் விசாரித்தார். இவன் "சாரி" என்று கையை விரித்தான். தமிழும் தெரியாதென்று நினைத்து, அதற்கப்புறம் அவர்கள் இவனைப் பொருட்படுத்தவில்லை. புருஷன் பெண்டாட்டிச் சண்டை, மகளைப் பெண் பார்க்க வந்து வேண்டாமென்று போனவர்கள், அன்றைக்கு அந்தப் பெண் சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது, எல்லாமே அவன் கண்ணெதிரில் நடந்தன. முன்னறைக்குப் போய் ஒன்று விடாமல் சாதனாவுக்குச் சொன்னான். ஒருதடவை ஃபோனையே ஜன்னலில் சாய்த்து வைத்துக் காட்டினான்.

படுதா வந்து ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. மே மாத வெயில். கலீலுல்லாவின் குரலையும் காணோம். ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் சஃப்ரீன். பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு நடுவயதுக்காரர். அவர் குணாளனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவன் முன்னாலேயே தமிழில் முனகினார்.

"இவன்தானா? எந்நேரமும் மாடு மாதிரி பாத்துக்கிட்டு நிப்பானாமே. இவன்ட்ட போயி என்னத்தக் கேக்க?"

"மெதுவா, மாமா. பாச தெரியாட்டியும் மொகத்தப் பாத்தாத் தெரியும்லா. உம்மாவுக்காகப் பேசாம இரிங்க."

பிறகு அந்தப் பெண் அவன் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பதுபோல ஆங்கிலத்தில் சொன்னாள். வாப்பா ஏப்ரலில் மாரடைப்பில் இறந்துவிட்டார். உம்மா இத்தா இருக்கிறார். கணவரை இழந்தவர்கள் நாலு மாதமும் சொச்சமும் வீட்டோடு இருப்பது. அதுவரை அந்நிய ஆண்கள் பார்க்கக் கூடாது. வீட்டுக்கு இருப்பது அந்த ஒரே ஜன்னல். அங்கிள் எப்போதும் இங்கே நிற்பதால் அதை மூட வேண்டியதாகிவிட்டது. உம்மாவுக்கு ஏற்கெனவே வீசிங். நேற்று மூச்சு முட்டி மயங்கி விழுந்துவிட்டார். இத்தா முடிகிறவரை அங்கிள் தன் பக்கத்துத் திரையை மூடி வைத்துக்கொண்டால், அவர்கள் ஜன்னலைத் திறந்துகொள்வார்கள். தொந்தரவுக்கு சாரி.

'அடடா, வாப்பாவா?' என்று தமிழ் அவன் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அது வெளியே விழுந்தால், அவன் கேட்டதையெல்லாம் இந்தப் பெண் எங்கிருந்து எண்ண ஆரம்பிப்பாள் என்று தோன்றியது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த அன்றிலிருந்தா? அப்புறம், சிங்கப்பூரில் சீனர்களிடம் பேசுகிற சுத்தமான ஆங்கிலத்தில், மிகவும் வருந்துகிறேன், கட்டாயம் மூடி வைக்கிறேன் என்றான். அந்த ஆங்கிலம் அவனுக்கே அசிங்கமாகக் கேட்டது.

படியிறங்கும்போது அவள் குரல் மேலே வந்தது. "நாந்தான் சொன்னம்லா, மாமா. நல்ல மனுசரு."

குணாளன் திரையை இழுத்து, போதாதென்று ஒரு கட்டில் விரிப்பையும் சேர்த்துக் கட்டினான். கொஞ்ச நேரத்தில் எதிரே ஆணி பிடுங்கும் சத்தம். படுதா சரிந்து விழுந்தது கேட்டது. இருமல். அப்புறம் யாரோ நீளமாக மூச்சை இழுத்துவிட்டார்கள். ஒரு நிமிடம் அவனுக்கு மனசு லேசானது. இதையாவது செய்தோமே என்று இருந்தது.

சைனப் தன் அக்காவோடு ஃபோனில் பேச ஆரம்பித்தார்.

"இப்பதான் ராத்தா, ஜன்னலத் தொறந்தோம். காத்து வருது. புள்ள நம்ம தம்பியோட கடைக்குப் போயிருக்கா." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்லணும். யார்ட்டயும் சொல்லல. இல்ல, யாரும் இல்ல. கீழ பூராவும் பீகார்க்காரனுவ. எதுத்தாப்புல இருக்கவருக்கும் நம்ம பாச தெரியாது."

குணாளன் திரைக்குப் பின்னால் நின்றிருந்தான்.

"அன்னைக்கு விடியக்காலத்துல அவுக என்னைய எழுப்புனாக, ராத்தா. நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குன்னாக. நான், சும்மா படுங்க, சூடாருக்கும்னுட்டுத் திரும்பிப் படுத்துட்டேன். மறுவடியும் ஒருதடவ கூப்ட்டாக."

போய்விட வேண்டும். முன்னறை பக்கத்தில்தான் இருக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டால் ஒன்றும் கேட்காது. போய்விடு என்று அவன் தனக்கே சொல்லிக்கொண்டான். எதிரே சைனப் அழுதார், மூக்கை உறிஞ்சினார், அடுத்ததைச் சொல்லக் குரலை இன்னும் தாழ்த்தினார். கன்னத்தில் ஏதோ சுட்டது. வெயிலில் காய்ந்த திரைத்துணி. அவன் காது அதில் ஒட்டியிருந்தது.