வாளியில் பதினொன்று, குளத்தில் பதினொன்று

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பின்னால் தெரிந்து நீங்கள் திட்டுவதைவிட இப்போதே ஒப்புக்கொள்வது மேல்.

என் தங்கையின் கணவர் நீச்சல் குளங்களைப் பழுதுபார்க்கிறவர். வசதியான வீடுகளின் பின்புறம் இருக்கும் குளம், வெந்நீர்த் தொட்டி, இவற்றில் பம்பு, வடிகட்டி, ஹீட்டர், ரப்பர் வளையம் எது போனாலும் கழற்றிப் புதிது மாட்டுவார். போன மாதம் அவரிடம், "உங்க வேலையைப் பத்தி ஒரு கதை எழுதலாம்னு இருக்கேன், கூட வந்து பாக்கட்டுமா மாப்பிள்ளை?" என்று கேட்டேன். மனிதர் பூரித்துப்போனார். பதினாறு வருடமாக அதே வேலை. ஒருத்தரும் அதைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

"எங்க வேலையையெல்லாம் கூட கதையா எழுதுவாங்களா மச்சான்?" என்றார்.

எழுத மாட்டார்கள். நானும் எழுதுவதாக இல்லை. என்னை அனுப்பியது என் தங்கை.

"அண்ணா, மூணு மாசத்துல ஏழு தடவை ஒரே வீட்டுக்குப் போயிருக்கார். ஏழும் புதன்கிழமை. கேட்டா தண்ணி ஒழுகுதுங்கறார். ஒரு குளம் ஏழு தடவையா ஒழுகும்? நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. நீ சொன்னா நம்பறேன்."

நீ சொன்னா நம்பறேன். இந்த மூன்று வார்த்தைகளை யாரும் உங்களிடம் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

"அந்த வீட்டின் பின்புறம் ஒரு நீலக் கண் திறந்து—"

வேண்டாம். குளத்தைக் கண் என்று சொல்கிறவர்களை எனக்கே பிடிக்காது.

"அவர் கதவைத் திறந்ததும் அவள் ஈரக் கூந்தலோடு—"

இது அதைவிட மோசம். அந்த வீட்டு அம்மாள் நாங்கள் போய்ப் பத்து நிமிடம் கழித்துத்தான் வெளியே வந்தார். தலை காய்ந்துதான் இருந்தது. முதல் வாக்கியத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டு, அதற்கு ஏற்றபடி கூந்தலை நனைத்திருக்கிறேன். இதை அடிக்காமல் விட்டிருப்பதற்குக் காரணம், நான் எந்த மாதிரி ஆள் என்று உங்களுக்குத் தெரியட்டும் என்பதுதான்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். புதன்கிழமை, பகல் பதினொரு மணி. மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துப் பின்பக்கக் கதவைத் திறந்தார்.

"சாவி உங்ககிட்டயே இருக்கா?"

"எங்க ஆளுங்க எல்லார்கிட்டயும் இருக்கும் மச்சான். வீட்டுக்காரங்க இல்லாதப்பவும் வந்து வேலை பாக்கணுமே."

இல்லாதபோதும் வரலாம் என்றால், ஏன் அந்த அம்மாள் வீட்டில் இருக்கிற புதன்கிழமையாகப் பார்த்தே இவர் வருகிறார்? இதைக் கேட்கவில்லை. வேவு பார்க்கிறவன் கேட்கக்கூடாது, குறித்துக்கொள்ள வேண்டும். குறித்துக்கொண்டேன்.

3

அந்த வீட்டம்மாவைப் பற்றி. பல் டாக்டர். நாற்பது வயது இருக்கும். புதன்கிழமை அவருடைய கிளினிக்குக்கு விடுமுறை. கணவர் வேறு ஊரில் வேலை பார்க்கிறார், மாதம் இரண்டு முறை வந்து போவாராம். (இதை யார் சொன்னது? மாப்பிள்ளைதான். அவருக்கு எப்படித் தெரியும்? பார்த்தீர்களா, உங்களுக்கும் தொற்றிக்கொண்டது.)

இந்தப் பாத்திரத்தை என்னால் சரியாக எழுத முடியவில்லை. நல்லவராக எழுதினால் நடிக்கிறார் என்று தோன்றுகிறது. கெட்டவராக எழுதலாம் என்றால், என்னிடம் அன்று அவ்வளவு அன்பாகப் பேசினார். "நீங்கதான் எழுத்தாளரா? இவர் சொல்லிட்டே இருப்பார்" என்றார். இவர் என்று சொன்னாரே, அந்த 'இவர்' என் காதில் இடறியது. நேரில் நிற்கிற ஆளை வேறு எப்படிச் சொல்வது என்று வீட்டுக்கு வந்தபின் யோசித்தேன். வேறு வழியில்லைதான். அப்படியும் இடறியது.

மாப்பிள்ளைக்கு ஒரு பழக்கம் உண்டு. கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கி எறிய மாட்டார். கழுவித் துடைத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவார். நல்லதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது என்பதற்காக. மற்ற வீடுகளில் அது அன்றே குப்பைக்குப் போய்விடும். இந்த டாக்டரம்மா எல்லாவற்றையும் ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டுச் சமையலறை ஜன்னலில் வைத்திருந்தார்.

"நானும் புடுங்கின பல்லைக் காட்டித்தான் அனுப்புவேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தார். இது அவர்களுக்குள் முன்பே சொல்லிச் சிரித்த ஜோக் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. புது ஜோக்குக்கு யாரும் அவ்வளவு சுருக்காகச் சிரிப்பதில்லை.

பிறகு டீ வந்தது. எனக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார். மாப்பிள்ளையிடம் கேட்கவில்லை. அவருக்குச் சர்க்கரை இல்லாமல் வந்தது, அவரும் குடித்தார். என் தங்கை கையால் குடிக்கும்போது அவருக்கு இரண்டு கரண்டி வேண்டும்.*

* பல் டாக்டர் வீட்டில் சர்க்கரையைக் குறைத்துக்கொள்வது இயல்புதானே என்று நீங்கள் நினைக்கலாம். என் மனைவியும் அதையேதான் சொன்னாள். அவள் எல்லாரையும் நல்லவர்கள் என்று நினைக்கிறவள். என்னையும் சேர்த்து.

4

இனி வாளி. தொழில்நுட்பம் கொஞ்சம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"தண்ணி குறைஞ்சா ரெண்டே காரணம்தான் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "ஒண்ணு, வெயில் குடிக்குது. இல்லன்னா எங்கேயோ ஒழுகுது. எது எவ்வளவுன்னு பக்கெட்தான் சொல்லும். ஒரு பக்கெட்ல தண்ணி ரொப்பி அதுல ஒரு கோடு, குளத்து ஓரத்துல ஒரு கோடு. ஒரு நாள் விட்டு அளக்கணும். பக்கெட் ஒழுகாது, வெயில் குடிச்சது மட்டும்தான் குறையும். குளம் அதைவிட அதிகமா குறைஞ்சிருந்தா ஒழுகுதுன்னு அர்த்தம். நான் வச்சுப் பாத்தப்போ பக்கெட்ல ஆறு மில்லிமீட்டர், குளத்துல பதினொண்ணு. எங்க ஒழுகுதுன்னுதான் பிடிபட மாட்டேங்குது. குளத்து விளக்குக்குப் பின்னால இருக்கற ரப்பர் வளையத்தை மாத்தினேன், குளத்துக்குத் தண்ணி திரும்பற குழாய்ல ரெண்டு மாத்தினேன், ஒண்ணொண்ணா மாத்தித்தான் பாக்கணும்."

இதற்கு நடுவே அவர் இன்னும் ஏதோ சொன்னார். என் நோட்டில் அந்த இடத்தில் இப்படி எழுதியிருக்கிறது: "சமையலறை ஜன்னல். திரை பாதி திறந்திருக்கிறது. யாரோ நிற்கிறார்கள்."

ஆறும் பதினொன்றும் அவரே அளந்து அவரே சொன்ன கணக்கு. அதை எப்படி நம்புவது? அவர் பம்பு அறைக்குள் போயிருந்த நேரம், தோட்டக்காரருடைய வாளி ஒன்றை எடுத்தேன். குளத்துத் தண்ணீரை மொண்டு நிரப்பி, பூந்தொட்டிகளுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத மூலையில், கல் தளத்தின்மேல் வைத்தேன். உள்பக்கம் பேனா முனையால் ஒரு கோடு கீறினேன். குளத்து ஓடு ஒன்றில் பென்சிலால் ஒரு கோடு. உண்மையைச் சொல்கிறேன், இத்தனை வருடம் கதை எழுதியதில் அவ்வளவு உற்சாகம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

மறுநாள் அதே நேரத்துக்கு அவர் ஒரு வால்வைப் பொருத்த வந்தபோது நானும் ஒட்டிக்கொண்டேன். டாக்டரம்மா கிளினிக்குக்குப் போயிருந்தார். அளவுகோலை வைத்து அளந்தேன்.

வாளியில் பதினொன்று. குளத்தில் பதினொன்று.

குளம் ஒழுகவில்லை.

5

அன்று மதியமே தங்கைக்கு போன் செய்தேன்.

"ஒழுகல."

"நீயே அளந்தியா?"

"நானே அளந்தேன்."

"சரிண்ணா" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. மறுநாள் காலை இரண்டு பைகளோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணிக்கு உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று கணவரிடம் சொல்லியிருக்கிறாள். என் மனைவி கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். இருந்தாலும், தங்கை தன் போனை எடுக்காததால் தினமும் காலை ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை என்னை போனில் கூப்பிடும்போது, பக்கத்தில் நின்று இரண்டு தடவை இருமுவாள்.

இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. நாளைக் காலை பத்து மணிக்கு வக்கீலைப் பார்க்கத் தங்கை நேரம் வாங்கியிருக்கிறாள். மாப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. வக்கீல் கடிதம் வந்துதான் தெரியும்.

6

அண்ணியின் இருமலை விசாரித்து முடித்ததும் மாப்பிள்ளை கேட்கும் அடுத்த கேள்வி, "கதை எந்த அளவுல இருக்கு மச்சான்?" என்பது. அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல்தான் இதை நிஜமாகவே எழுத ஆரம்பித்தேன். இன்று காலை, "கொஞ்சம் படிச்சுக் காட்டுங்களேன், வேலை சம்பந்தமா தப்பு இருந்தா சொல்றேன்" என்றார். மறுக்க முடியவில்லை. மேலே நான்காம் பகுதியில் வாளி வைக்கிற இடத்தை மட்டும், 'நான்' என்பதை 'அவன்' ஆக்கிப் படித்தேன்.

"நில்லுங்க மச்சான். பக்கெட்டை எங்க வச்சான்?"

"தரையில. பூந்தொட்டிக்குப் பின்னால."

சிரித்தார். "தரையில வச்சா எப்படி? குளத்துப் படிக்கட்டுல, தண்ணிக்குள்ள இறக்கி வைக்கணும். அன்னைக்கே சொன்னேனே. ரெண்டு தண்ணியும் ஒரே சூட்டுல இருந்தாத்தானே கணக்கு சரியா வரும்? வெயில்ல காயற கல்லு மேல, அதுவும் கறுப்பு பக்கெட்ல வச்சா, தண்ணி மளமளன்னு ஆவியாயிடும். குளம் ஒழுகினாக்கூட ரெண்டும் சமமாத்தான் காட்டும்."

கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"அளந்தவன் யாரு கதையில?"

"ஒரு பக்கத்து வீட்டுக்காரன்."

"அதை வச்சு அவன் என்ன முடிவுக்கு வந்தான்?"

"இன்னும் எழுதல மாப்பிள்ளை."

"எழுதறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை அளக்கச் சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்தி, "அவ எப்ப வரேன்னு ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டார். என் மனைவி இருமினாள். போனை வைத்துவிட்டேன்.

கவிழ்த்த தாளைத் திருப்பி மறுபடி படித்தேன். வாளி கறுப்புதான். ஆனால் நான்காம் பகுதியைத் திருப்பிப் பாருங்கள். நிறத்தை நான் எங்கும் எழுதவில்லை.

ஆக, பூந்தொட்டிக்குப் பின்னால் அவர் பார்த்திருக்கிறார். அளவுகோலோடு நான் குனிந்து நின்றதையும் பார்த்திருக்கலாம். பார்த்துவிட்டு, ஒன்பது நாளாக ஒரு வார்த்தை கேட்காமல் கதை எந்த அளவில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். குற்றமில்லாதவராக இருந்தால் ஏன் சண்டைக்கு வரவில்லை? குற்றமுள்ளவராக இருந்தால் ஏன் எனக்குச் சரியான முறையைச் சொல்லிக்கொடுத்தார்? இந்த இரண்டு கேள்வியையும் பத்து தடவை எழுதி அடித்துவிட்டேன்.

7

முடிவுகள்.

(அ) தங்கையிடம் போய், "நான் அளந்தது தப்பு, குளம் ஒழுகுதுன்னு அவர் சொன்னது சரியா இருக்கலாம்" என்கிறேன். அவள் பைகளை எடுத்துக்கொண்டு அன்று மாலையே வீட்டுக்குப்— இவ்வளவு சுலபமாக முடிகிற கதையை நான் யாருக்கும் விற்க மாட்டேன்.

(ஆ) குளமும் ஒழுகுகிறது, மனிதரும் சரியில்லை. இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாது என்று சட்டமா? குளம் ஒழுகுவதால் ஒருவர் யோக்கியர் ஆகிவிடுவதில்லை. புதன்கிழமைக்கு வாளி பதில் சொல்லாது. சர்க்கரைக்கும் சொல்லாது.

(இ) நான் வாயை மூடிக்கொள்கிறேன். நாளை பத்து மணி தானாக வருகிறது. இது மிகவும் வசதியான முடிவு, இரண்டு மணி நேரம் இதிலேயே உட்கார்ந்திருந்தேன். என் தங்கை வாழ்க்கையைவிட, தப்பாக அளந்தவன் என்ற பெயர் வரக்கூடாது என்பது எனக்குப் பெரிதாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

நேரில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதனால் முதல் ஆறு பகுதிகளையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கூந்தலை நனைத்த இடத்தில் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சர்க்கரை வந்த இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இப்போது கடைசித் தாளில் இருக்கிறாள். திருப்பி முன்னால் போகிறாள். நான்காம் பகுதியில் விரலை வைத்து வரிவரியாகத் தேடுகிறாள்.

"முடிவு எங்கண்ணா?"

"எழுதிட்டிருக்கேன்."

"குடு."

கை நீட்டிக்கொண்டிருக்கிறாள். வாசகரே, இவ்வளவு தூரம் கூடவே சந்தேகப்பட்டுக்கொண்டு வந்தீர்கள், உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. அவளிடம் சொல்ல ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். என்னிடம் ஒன்றுமில்லை. அவர் ஒன்பது மணிக்குக் கூப்பிடுவார், வக்கீல் பத்து மணிக்கு. நடுவில் இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தை நான் எழுதப்போவதில்லை, ஒன்பது நாள் எழுதியதே போதும்.

தங்கச்சி, இந்தத் தாள் உனக்கு. நான் சொன்னேன் என்று எதையும் நம்பாதே. நாளைக்குக் காலையில் அவர் கூப்பிடும்போது போனை நீ எடு.