அரிசி டிரம்மில் குழந்தை இயேசு

கோவில்பதாகையில் பத்துக் கத்தோலிக்க வீடுகள் சேர்ந்து அன்பியம் என்று ஒரு ஜெபக் குழு. அவர்களிடம் ஒரு வெண்கலக் குழந்தை இயேசு சுரூபம் உண்டு. நூறு வருஷத்துக்கு மேல் பழசு. பிறந்த குழந்தை அளவு, முத்தம் வாங்கி வாங்கியே மூக்கு தேய்ந்திருக்கும். வீட்டுக்கு ஒரு வாரமாகச் சுற்றிவரும். இந்த வருஷம் சீட்டுக் குலுக்கியதில் கிறிஸ்துமஸ் வாரம் யாருக்கு விழுந்தது? ஷைலாவுக்கு! ஏற்கெனவே இரண்டைப் பெற்று வைத்திருப்பவளுக்கு!

ஆக்னஸுக்கு வயிறு பற்றி எரிந்தது. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. ஒரு கிறிஸ்துமஸுக்காவது வீட்டில் குழந்தை என்று ஒன்று கிடக்கட்டும் என்று ஆசைப்பட்டால் அதுவும் அவளுக்கா? ஷைலா வீட்டுக் கொடியில் காயும் குட்டி யூனிபாரத்தைப் பார்த்தாலே இவளுக்கு ஆகாது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஆக்னஸின் முறை. சனிக்கிழமை ஷைலாவிடம் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமையே குழந்தையைத் துண்டில் சுற்றி அரிசி டிரம்முக்குள் இறக்கி, மேலே அரிசியைக் கொட்டி மூடிவிட்டாள். திருட்டுத்தனம்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

மறுநாள் மாலை ஷைலா வந்து நின்றாள்.

“கொயந்தைய எட்த்துகினு போலாம்னு வந்தேங்க்கா.”

“பாலிஷுக்குக் குட்த்துக்கீறேன். வர்றதுக்குப் பத்து நாளாவும்,” என்றாள் ஆக்னஸ், முகம் பார்க்காமல்.

சண்டைக்கு வருவாள் என்று இவள் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்றால், ஷைலா பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளைச் சட்டையை எடுத்து நீட்டினாள்.

“வந்ததும் நீயே இத்தப் போட்டுவுடுக்கா. இதுங்க ரெண்டுக்கும் முன்னால பொறந்த என் மூத்தவனோட ஞானஸ்நானச் சட்டை. எட்டு மாசத்துல போய்ட்டான். அப்போ நாங்க மாங்காட்டுல இருந்தோம், இங்க யாருக்கும் தெரியாது. பதினோரு வருஷமா பீரோவுலயே கீது.”

ஆக்னஸ் அதை வாங்கிக்கொண்டாள். ஐயோ பாவம் என்றுதானே தோன்ற வேண்டும்? தோன்றவில்லை. சாகக் கொடுப்பதற்காவது ஷைலாவுக்கு ஒன்று பிறந்திருக்கிறதே என்றுதான் தோன்றியது.

சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா? உள்ளே ஓடினாள். அரிசியை இரண்டு கையாலும் வாரித் தரையில் இறைத்தாள். குழந்தையைத் தூக்கிவந்து, சட்டையோடு சேர்த்து ஷைலாவின் கையில் திணித்தாள்.

“வயித்தெரிச்சல்ல ஒளிச்சு வெச்சேன்டி,” என்றாள். “இன்னும் எரிஞ்சிகினுதான் கீது. என் மனசு மாற்றதுக்குள்ள எட்த்துகினு போய்டு.”