சத்தம் போடாத பம்ப்

என் அக்காவுக்கு ஒரு சக்களத்தி உண்டு. நிறம் சிவப்பு, வயது ஐம்பத்தெட்டு, தலைக்கு மேல் கூரை கிடையாது, உட்கார இரண்டே இடம். மச்சான் அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்த அன்றே அக்கா அப்படிப் பெயர் வைத்துவிட்டாள். பெயர்தான் அப்படியே தவிர, பகை ஒன்றும் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் ஏறி உட்காருவது அவள்தான்.

எட்டு மாதமாக அவள் ஏறவில்லை. அந்த இடத்தில் ஸ்பானர் பையை வைத்துக்கொண்டு மச்சான் ஏரி வரை தனியாகப் போய்த் தனியாகத் திரும்பி வந்தார். பிறகு அதுவும் நின்றது.

காரணம் எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாலத்தின் நடுவில், பின்னால் நாலு பஸ் வரிசையாக ஹாரன் அடிக்க, வண்டி படுத்துவிட்டது. மச்சான் டிக்கியைத் திறந்து பெட்ரோல் பம்பைச் செருப்பைக் கழற்றி அடித்தாராம். "அடியாத மாடு படியாது" என்று அதற்கு ஒரு பழமொழி வேறு. மாடு படியவில்லை. அக்கா இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். ஓட்டை விழுந்திருந்த ரப்பர் குழாயை அடுத்த நாள் நான்தான் மாற்றினேன். ஆனால் அந்த ஓட்டை வழியே காற்றை இழுத்து இழுத்து ஓடித் தேய்ந்த பம்ப் அதன் பிறகும் அவ்வப்போது மக்கர் செய்தது.

"மாப்ள, ஒரு நல்ல பம்பா மாட்டிக் குடு," என்றார் மச்சான். "உங்கக்காவை இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடப் போறேன். அவ வரலேன்னா வண்டிய வித்துடுவேன். ரெண்டு சீட்டு வண்டியில ஒருத்தன் மட்டும் போறதுக்குப் பஸ்ல போகலாம்."

மச்சான் கணக்கு வாத்தியார். முப்பது வருடமாக அவர் பேச, நாற்பது பேர் கேட்டுப் பழக்கம். அப்படிப்பட்டவர் கெஞ்சிப் பேசியதைக் கேட்டதும் எனக்கு மனசு கேட்கவில்லை. நானும் இருபது வருடமாக மெக்கானிக். என் கண் முன்னால் ஒரு வண்டி விலை போவதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன், அதுவும் ஒரு சாதாரண பம்புக்காக.

கூட வேலை பார்க்கும் வாத்தியார் யாரோ சொன்னார் என்று புது மாடல் கார்களுக்கான பம்ப் ஒன்றை மச்சானே தூக்கிக்கொண்டு வந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மச்சான், இந்த வண்டியோட கார்புரேட்டருக்கு ஸ்பூன்ல ஊட்டுற மாதிரி ஊட்டணும். இது தீயணைப்பு வண்டி மாதிரி பீச்சும். எஞ்சின் மேலயெல்லாம் பெட்ரோல் வழியும். தீப்பிடிச்சா அப்புறம் எதை விப்பீங்க?" அதை வந்த வழியே திருப்பி அனுப்பினேன்.

பழையதைப் பழுது பார்க்கலாம். ஆனால் அது ஓயாமல் டக் டக் என்று தட்டும். சாவியைத் திருப்பினால் வேகமாகத் தட்டி, கார்புரேட்டர் நிறைய நிறைய நிதானமாகி, அப்புறம் நிற்கும். அந்தச் சத்தம்தான் அக்காவுக்குப் பாலத்தை ஞாபகப்படுத்தும் என்று நானாகவே முடிவு கட்டினேன். அதனால் பார்க்கப் பழையதைப் போலவே இருந்து, உள்ளே எலக்ட்ரானிக்காக, சத்தமே இல்லாமல் ஓடும் பம்பை வரவழைத்தேன். இந்த வண்டியில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும், மற்ற வண்டிகளுக்கு நேர் எதிர். அதற்கு ஏற்றதா என்று இரண்டு தடவை பார்த்துத்தான் வாங்கினேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் மாட்டினேன். பேட்டரியைக் கழற்றி, டேங்கிலிருந்து வரும் குழாயை அடைத்து, பழைய பம்பை இறக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். புதிய வாஷர், புதிய கிளிப், எர்த் ஒயர் பிடிக்கும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு இறுக்கம். சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தம் இல்லை. ஆனால் பெட்ரோல் ஒழுங்காக வந்தது, எஞ்சின் ஒரே தட்டில் பிடித்தது. அணைத்துவிட்டு மச்சானைப் பார்த்தேன். அவர் அதற்குள் ஸ்பானர் பையை எடுத்துவிட்டு, பக்கத்து சீட்டைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா பக்கத்து அறையில்தான் துணி தைப்பாள். வண்டி நிற்கும் ஷெட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒற்றைச் சுவர். மச்சான் கூப்பிட்டதும் கழுத்தில் அளவு டேப் தொங்க வந்தாள், ஏறி உட்கார்ந்தாள். மச்சான் சாவியைத் திருப்பினார்.

"ஆன் ஆயிடுச்சா?" என்றாள் அக்கா.

"ஆயிடுச்சே! சத்தமே இல்ல பாத்தியா!"

அவள் முகம் வாடிவிட்டது. கதவைத் திறந்து இறங்கினாள். "எனக்குத் தைக்க நிறைய கிடக்கு," என்று உள்ளே போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போனேன். "ஏன்க்கா, இன்னும் என்னதான் வேணும் உனக்கு? இனிமே அது நிக்காதுக்கா."

அக்கா துணியைத் தள்ளி வைத்தாள். "நின்னா நிக்கட்டுமே. வண்டின்னா நிக்கத்தான் செய்யும். அன்னிக்குப் பாலத்துக்கு ஒரு மைலுக்கு முன்னாடியே சொன்னேன்டா. பம்ப் நிக்காம தட்டிக்கிட்டே இருக்கு, எங்கயோ காத்து இழுக்குது, ஓரமா நிறுத்துங்கன்னு. உனக்கு என்ன தெரியும், பேசாம வான்னாரு." தையல் மெஷினை ஒரு தட்டுத் தட்டினாள். "ஊசி மழுங்கினா துணியைப் பாக்காமலே, சத்தத்த வச்சே சொல்ற ஆளுடா நான். அந்தச் சத்தம் இருந்தா எனக்கு ஒரு தைரியம். இப்ப அதையும் பிடுங்கிட்டீங்க, ரெண்டு பேரும் சேந்து."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இருபது வருட மெக்கானிக் பம்பைக் கேட்டேன், மச்சானைக் கேட்டேன். ஏறி உட்கார வேண்டியவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஷெட்டுக்கு வந்து மச்சானிடம் அப்படியே சொன்னேன். நடுவில் இரண்டு தடவை வாயைத் திறந்தார், இரண்டு தடவையும் கையைக் காட்டி நிறுத்தினேன். முடித்ததும் அவர் துடைத்து வைத்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா, அப்படித்தான் சொன்னேன் மாப்ள," என்றார். "சொன்ன வார்த்தை இப்பதான் ஞாபகம் வருது." பிறகு குப்பைக் கூடையைக் கவிழ்த்து, பழைய பம்பைத் தேடி எடுத்து, தன் வெள்ளைச் சட்டையிலேயே துடைத்தார்.

உள்ளே மாற்றவேண்டிய ரப்பர் தகடும் மின்முனைகளும் வந்து சேர ஒரு வாரம் ஆயிற்று. ரப்பர் தகட்டை ஒவ்வொரு துளையாகத் திருப்பி, தட்டத் தொடங்கும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து நாலு துளை தள்ளிப் பூட்டவேண்டும். பூட்டிய பம்பை மேஜையில் வைத்து, ஒரு டப்பா மண்ணெண்ணெயில் குழாயை விட்டுத் தட்டவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. கொஞ்ச நேரத்தில் அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"ஒண்ணு விட்டு ஒண்ணு திக்குது," என்றாள்.

எனக்கு ஒழுங்காகத்தான் கேட்டது. வாதாட வாயெடுத்தேன். ஆனால் மச்சான் அதற்குள் ஸ்பானரை எடுத்து என் கையில் திணித்தார். உறிஞ்சும் பக்கத்து நட்டு கால் சுற்று இறங்கியது. இப்போது எனக்கே வித்தியாசம் தெரிந்தது.

"அதான்," என்று சொல்லிவிட்டு அவள் தைக்கப் போனாள்.

மறுநாள் ஞாயிறு. அக்கா தலையில் துணி கட்டி வந்தாள். மச்சான் சாவியைத் திருப்பினார். டக் டக் டக் டக் என்று தொடங்கி, தளர்ந்து, டக்... டக் என்று ஓய்ந்தது. அவர் ஸ்டார்ட்டரில் வைத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். இன்னும் ஒரு டக் வந்தது. "எடுங்க," என்றாள்.

பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பன்னிரண்டு ஆகியும் வரவில்லை. நான் ஷெட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் வண்டியின் சிவப்பு மூக்கு தெருமுனையில் தெரிந்தபோதுதான் மூச்சே வந்தது.

"மாப்ள, டிக்கியத் திற," என்று இறங்கியபடியே சொன்னார் மச்சான். "பம்ப்ல ஏதோ இருக்கு. உங்கக்கா ரெண்டு தடவை நிறுத்தச் சொன்னா. நிறுத்திப் பாத்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா அவ சொன்னா இருக்கும்." டார்ச் எடுக்க வீட்டுக்குள் ஓடினார்.

நான் டிக்கிக்குள் தலையை விட்டேன். கசிவு இல்லை, எல்லா நட்டும் இறுக்கமாக இருந்தது. "என்னக்கா கேட்டுச்சு?"

அக்கா தலைத்துணியை அவிழ்த்தாள். காற்றில் முகமெல்லாம் சிவந்து, இருபது வயது குறைந்தவளாக இருந்தாள். வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

"பம்ப்ல ஒண்ணும் இல்லடா. மணி மாதிரி அடிக்குது. நிறுத்துறாரான்னு பாத்தேன்."

மச்சான் டார்ச்சோடு மூச்சு வாங்க வந்து நின்றார். நான் ஸ்பானரை எடுத்து, இறுகியிருந்த நட்டையே இன்னொரு தடவை இறுக்குவதுபோல் செய்தேன்.

"இருந்துச்சு மச்சான்," என்றேன். "இப்ப சரியாயிடுச்சு."